பழைய பென்னிக்கு என்ன விலை? 1943ஆம் ஆண்டின் ஒரு சென்ட் காசை வைத்து ஒரு விளக்கம்

2025 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில், மக்கள் புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் காசு (பேச்சு வழக்கில் ‘பென்னி’) அடிக்கப்பட்டது. 1793இல் தொடங்கிய வரிசை 232 ஆண்டுகளுக்குப் பிறகு முடிவுக்கு வந்தது. காரணம் எளிய கணக்கு. 2024 நிதியாண்டில் ஒரு சென்ட் மதிப்புள்ள காசை உருவாக்கி வெளியே அனுப்ப 3.69 சென்ட் செலவானது. அந்த ஒரே ஆண்டில் 300 கோடிக்கும் மேற்பட்ட காசுகள் அடிக்கப்பட்டன.

செய்தி வந்ததும் கூடவே ஒரு குழப்பமும் பரவியது. ‘பென்னி நின்றுவிட்டது, இனி பழைய பென்னி ஒவ்வொன்றும் லட்சம் பெறும்’ என்று காணொளிகள் சொல்கின்றன. அமெரிக்கா சென்று வந்தவர்கள் கொண்டுவந்த சில்லறை எத்தனையோ தமிழ் வீடுகளின் மேசை இழுப்பறைகளில் கிடக்கிறது. அதில் உள்ள ஒரு காசுக்கு உண்மையில் என்ன விலை என்ற கேள்வி நியாயமானது. இதற்கு விடை சொல்ல 1943ஆம் ஆண்டின் ஒரு சென்ட் காசைவிடச் சிறந்த சான்று இல்லை. ஒரே ஆண்டு, ஒரே உருவம், ஒரே அச்சு. ஆனால் அவற்றில் ஒன்று ஒரு டாலர்கூடப் பெறாது. இன்னொன்று பல லட்சம் டாலருக்கு விலைபோயிருக்கிறது.

பென்னி என்பது எது?

அமெரிக்கச் சட்டத்தில் ‘பென்னி’ என்று ஒரு காசு கிடையாது. அதன் அதிகாரப்பூர்வப் பெயர் சென்ட். டாலரில் நூறில் ஒரு பங்கு. பென்னி என்பது பிரிட்டிஷ் காசின் பெயர். குடியேற்றக் காலத்தில் நாக்கில் ஒட்டிக்கொண்ட அந்தப் பெயர், நாடு விடுதலை பெற்ற பிறகும் போகவில்லை.

1793இல் வந்த முதல் சென்ட் தனிச் செம்பால் ஆனது. இன்றைய கால் டாலர் காசைவிடவும் பெரியது. 1857இல் காசின் அளவைச் சுருக்கினார்கள். 1859 முதல் 1909 வரை, இறகுக் கிரீடம் அணிந்த தலை பொறித்த காசு வந்தது. 1909இல் ஆபிரகாம் லிங்கனின் நூற்றாண்டையொட்டி அவரது முகம் ஏறியது. புழக்கக் காசில் உண்மையான ஒரு குடியரசுத் தலைவரின் முகத்தை அமெரிக்கா பொறித்தது அதுவே முதல் முறை. வடிவமைத்தவர் விக்டர் டேவிட் பிரென்னர். காசின் பின்புறம் இரண்டு கோதுமைக் கதிர்கள். அதனால் 1909 முதல் 1958 வரையிலான காசுகளைச் சேகரிப்பாளர்கள் ‘கோதுமைக் காசு’ என்றே அழைக்கிறார்கள். 1959இல் கதிர்கள் போய் லிங்கன் நினைவகக் கட்டடம் வந்தது.

உலோகமும் மாறிக்கொண்டே வந்தது. நெடுங்காலம் 95 விழுக்காடு செம்பாக இருந்த காசு, 1982இன் நடுவில் செம்பு முலாம் பூசிய துத்தநாகமாக மாறியது. எடை 3.11 கிராமிலிருந்து 2.5 கிராமாகக் குறைந்தது. இந்த 3.11 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1943: செம்பு போருக்குப் போன ஆண்டு

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் செம்புக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. தோட்டா உறைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் கப்பல்களுக்கும் செம்பு வேண்டியிருந்தது. நெருக்கடி எந்த அளவுக்கு என்றால், அணுகுண்டுத் திட்டத்தின் மின்காந்தச் சுருள்களுக்குச் செம்பு ஒதுக்க முடியாமல், அமெரிக்கக் கருவூலத்திலிருந்து 14,000 டன்னுக்கும் மேற்பட்ட வெள்ளியைக் கடனாக வாங்கிச் சுற்றினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில், ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் அடிக்கும் சில்லறைக் காசுக்குச் செம்பைச் செலவிட யாருக்கும் மனமில்லை.

இந்த நெருக்கடி நம் பக்கமும் வந்தது. அதே 1943இல்தான் பிரிட்டிஷ் இந்திய அரசு நடுவில் துளையிட்ட காசை வெளியிட்டது. நம் தாத்தா பாட்டிகள் ‘ஓட்டைக் காலணா’ என்று சொன்னது அதைத்தான். பழைய காலணாவின் எடையில் பாதிகூட அதில் இல்லை. இந்தியாவில் காசில் ஓட்டை போட்டுச் செம்பை மிச்சப்படுத்தினார்கள் என்றால், அமெரிக்காவில் செம்பையே கைவிட்டார்கள்.

மாற்றாக எதைப் பயன்படுத்துவது என்று 1942இல் பல சோதனைகள் நடந்தன. பிளாஸ்டிக், கண்ணாடிகூடப் பார்த்தார்கள். கடைசியில், துத்தநாகம் பூசிய எஃகைத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபிலடெல்ஃபியா, டென்வர், சான் ஃபிரான்சிஸ்கோ என மூன்று நாணயச் சாலைகளிலும் சேர்த்து, 1943இல் 109 கோடியே 38 லட்சத்துக்கும் மேற்பட்ட எஃகுக் காசுகள் வெளிவந்தன.

மக்களுக்கு அது பிடிக்கவில்லை. புதிதாக இருக்கும்போது வெள்ளிபோல மின்னியதால், பத்து சென்ட் காசு என்று எண்ணி ஏமாந்தார்கள். செல்லாக்காசைப் பிடிக்கக் காந்தம் பொருத்தியிருந்த விற்பனை இயந்திரங்கள் இதையும் செல்லாக்காசாகவே கொண்டன. துருப்பிடித்தது இன்னொரு தொல்லை. அதற்குக் காரணம் செய்முறையில் இருந்தது: எஃகுத் தகட்டுக்கு முதலில் துத்தநாகம் பூசிவிட்டு, பிறகுதான் அதிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டினார்கள். மேலும் கீழும் பூச்சு இருந்தது. விளிம்பில் வெறும் எஃகு. வியர்வைக் கை பட்டதும் விளிம்பிலிருந்து துரு ஏறியது. ஒரே ஆண்டில் இந்த முயற்சியை விட்டுவிட்டு, 1944இல் செம்புக்கே திரும்பினார்கள்.

தவறிப் பிறந்த செம்புக் காசு

காசு அடிப்பதற்கு முன் இருக்கும் வெறும் உலோக வட்டத்தை வில்லை என்போம். 1942இன் இறுதியில் மிஞ்சிய சில செம்பு வில்லைகள், இயந்திரத்துக்கு வில்லை ஊட்டும் தொட்டிகளின் இடுக்குகளில் சிக்கிக் கிடந்தன என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். 1943இல் எஃகு வில்லைகளோடு சேர்ந்து அவையும் அச்சுக்குள் போயின. மேலே ‘1943’ என்ற எண் விழுந்தது. 109 கோடி சாம்பல் நிறக் காசுகளோடு கலந்து ஊருக்குள் போய்விட்டன.

1947இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு நகரில், பள்ளி உணவகத்தில் மீதிச் சில்லறை வாங்கிய 16 வயது மாணவருக்கு அப்படி ஒன்று கிடைத்தது. இத்தகைய காசைக் கொண்டுவருவோருக்கு ஹென்றி ஃபோர்டு புதுக் கார் தருவார் என்று அப்போது ஊரெங்கும் பேச்சு. விசாரித்தால் அது வெறும் வதந்தி. கருவூலத்துக்கு எழுதிக் கேட்டார். 1943இன் எல்லாக் காசுகளும் துத்தநாகம் பூசிய எஃகுதான் என்று பதில் வந்தது. அரசே இல்லை என்று சொன்ன ஒரு பொருளை அவர் எழுபது ஆண்டுகளுக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார். 2019 ஜனவரியில், அவர் இறந்த சில மாதங்களில், அது 2,04,000 டாலருக்கு ஏலம் போனது.

இந்த வகையில் இன்று இருப்பவை மிகத் தாராளமான மதிப்பீட்டில்கூடச் சுமார் 40தான். டென்வரில் அடிக்கப்பட்டதாக அறியப்பட்டிருப்பது ஒன்றே ஒன்று.

இதன் தலைகீழ்ப் பிழையும் உண்டு. 1944இல் ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலை, மிஞ்சிய எஃகு வில்லைகளைக் கொண்டு பெல்ஜியத்துக்காக இரண்டு ஃபிராங்க் காசுகளை அடித்துக் கொடுத்தது. அங்கிருந்து சில எஃகு வில்லைகள் வழிதவறி, 1944இன் சென்ட் அச்சுக்குள் போயின. அதனால் 1943இல் செம்பும் 1944இல் எஃகும் அரிய பொருள்கள். 1943இல் எஃகும் 1944இல் செம்பும் சாதாரணச் சில்லறை.

விலை எதிலிருந்து வருகிறது?

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். பழமையே விலை என்ற எண்ணம் தவறு. ரோமப் பேரரசின் பிற்காலத்துச் செம்புக் காசுகள் 1,600 ஆண்டுப் பழமையுடையவை. கரூரில் அமராவதி ஆற்று மணலில்கூட அத்தகைய காசுகள் கிடைத்திருக்கின்றன. வரலாற்றுக்கு அவை பெருஞ்செல்வம். ஆனால் வெளிநாட்டு நாணயச் சந்தையில் தேய்ந்த ரோமச் செம்புக் காசு ஒன்று சில டாலருக்குக் கிடைக்கிறது. கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டதும் இலட்சக்கணக்கில் மிஞ்சியதுமே காரணம். விலையை முடிவு செய்பவை வேறு.

1. எத்தனை மிஞ்சியிருக்கின்றன. எத்தனை அடித்தார்கள் என்பதைவிட இதுவே முக்கியம். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1931இல் அடித்த சென்ட் 8,66,000. டென்வரில் 1914இல் அடித்தது 11,93,000. குறைவாக அடித்த 1931தான் விலை அதிகம் என்று தோன்றும். ஆனால் புழங்காத நிலையில் உள்ள 1914 காசின் விலையே பல மடங்கு உயர்ந்தது. 1931 காசு குறைவாக வந்தது என்று அறிந்து அன்றே பலர் வாங்கிப் பதுக்கினார்கள்; அவை புதுக் கருக்கோடு மிஞ்சின. 1914 காசை யாரும் கவனிக்கவில்லை. எல்லாம் கைமாறிக் கைமாறித் தேய்ந்தன.

2. எத்தனை பேர் தேடுகிறார்கள். லிங்கன் சென்ட் அமெரிக்காவில் சிறுவர்கள் முதலில் சேர்க்கத் தொடங்கும் காசு. ஆண்டுவாரியாகக் குழிகள் வெட்டிய அட்டைகளில் ஒவ்வொன்றாக நிரப்புவார்கள். கடைசிக் குழியை நிரப்பத் துடிக்கும் கை ஆயிரக்கணக்கில் இருப்பதால்தான் அரிய காசு விலை ஏறுகிறது. இதைவிட அரிதான காசுகள் எத்தனையோ நாடுகளில் உண்டு. தேடுவோர் இல்லாததால் விலையும் இல்லை.

3. கதை. 1909இல் பிரென்னர் தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளைப் பின்புறத்தின் அடியில் சற்றுப் பெரிதாகவே பொறித்தார். விளம்பரம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. சில நாள்களிலேயே எழுத்துகளை நீக்கினார்கள். அதற்குள் சான் ஃபிரான்சிஸ்கோவில் அந்த எழுத்துகளோடு 4,84,000 காசுகள் வந்துவிட்டன. அவற்றில் நன்றாகத் தேய்ந்த ஒன்றுகூட இன்று பல நூறு டாலர் பெறும். அதே எழுத்துகளோடு ஃபிலடெல்ஃபியாவில் வந்தவை இரண்டே முக்கால் கோடிக்கும் மேல். அவற்றின் விலை சாதாரணம்.

4. நிலை. காசின் நிலைக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் இடுகிறார்கள். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1940களின் இறுதியில் பழைய பெரிய சென்ட் காசுகளுக்காக வகுத்த அளவுகோல் இது. 60ஓ அதற்கு மேலோ இருந்தால் புழங்காத காசு. செம்புக் காசில் நிறமும் கணக்கு: அடித்த நாளின் சிவப்பு மாறாதது, பாதி மாறியது, முழுக்கப் பழுப்பானது என்று மூன்று தரம்.

நான்காவதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பித்தளை, செம்புப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பது நம் வீட்டு வழக்கம். பழைய காசு கையில் கிடைத்தால் முதலில் செய்யத் தோன்றுவதும் அதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள். புளியின் அமிலம் காசின் மேல்தோலைக் கரைத்துவிடும். அடித்தபோது உலோகம் ஓடிய நுண்ணிய கோடுகள் அழிந்துபோகும். அந்தப் பொலிவு பிறகு எதனாலும் திரும்ப வராது. தேய்த்து விளக்கிய காசைச் சேகரிப்பாளர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார்கள். நல்ல காசின் மதிப்பில் பெரும்பகுதி அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும்.

உச்சமும் சரிவும்

அரிய காசின் விலை ஏறிக்கொண்டே போகும் என்பதும் உண்மையில்லை. டென்வரின் அந்த ஒற்றைச் செம்புக் காசு 2010இல் 17 லட்சம் டாலருக்குக் கைமாறியது. உலகச் செய்தியாயிற்று. அதே காசு 2021இல் பொது ஏலத்துக்கு வந்தபோது கிடைத்தது 8,40,000 டாலர். ஏறக்குறைய பாதி. உலகில் ஒன்றே ஒன்று இருக்கும் பொருளுக்கு, அதை வாங்கக்கூடிய இரண்டு செல்வந்தர்கள் ஒரே நேரத்தில் போட்டியிட்டால் ஒரு விலை. ஒருவர் ஒதுங்கிக்கொண்டால் வேறு விலை. செய்திகளில் வரும் பெரிய தொகைகளை இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

இணைய விற்பனைத் தளங்களில் காணும் தொகைகள் இன்னும் மோசமாக ஏமாற்றும். ஒருவர் தன் பென்னிக்கு 50,000 டாலர் என்று எழுதி வைத்திருந்தால், அது அவர் கேட்கும் விலை. யாரும் கொடுத்த விலை அல்ல. விற்று முடிந்தவற்றின் பட்டியலைத் தனியாகப் பார்க்கும் வசதி பல தளங்களில் உண்டு; அதைப் பார்த்தால் அதே காசு ஒரு டாலருக்குப் போயிருப்பது தெரியும்.

கையில் 1943 இருந்தால்

படிப்படியாகப் பாருங்கள். பெரும்பாலும் முதல் படியிலேயே விடை கிடைத்துவிடும்.

1. காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டினால் எஃகு. நிறம் செம்பாக இருந்தாலும் எஃகுதான். எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி வேடிக்கைப் பொருளாகவும் மோசடிக்காகவும் ஏராளமாக விற்றிருக்கிறார்கள். புழங்கித் தேய்ந்த எஃகுக் காசு ஒரு டாலரைத் தாண்டுவது அரிது.

2. ஒட்டவில்லை என்றால், நகைக்கடைத் தராசில் எடை பாருங்கள். செம்புக் காசு 3.11 கிராம் இருக்க வேண்டும். எஃகு சுமார் 2.7 கிராம். சிறு தேய்மானத்துக்கு இடம் கொடுக்கலாம், 2.7க்கும் 3.1க்கும் உள்ள இடைவெளி தேய்மானத்தால் வருவதில்லை.

3. எடையும் சரியாக இருந்தால், பூதக்கண்ணாடியில் ஆண்டின் கடைசி எண்ணைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் செம்புக் காசில் 8இன் இடப்பக்கத்தைச் சுரண்டி 3 ஆக்குவது பழைய தந்திரம். உண்மையான 1943இல் அந்த 3இன் வால் மற்ற எண்களைவிடக் கீழே நீண்டு இறங்கும். 8ஐச் சுரண்டினால் அந்த வால் வராது.

4. மூன்றையும் தாண்டினால், காசைத் துடைக்காமல் மென்தாளில் வைத்து, தரம் பிரித்துச் சான்று தரும் நிறுவனத்திடம் காட்ட வேண்டும். 1980களின் நடுவிலிருந்து அமெரிக்காவில் இதற்கென்றே நிறுவனங்கள் இயங்குகின்றன. சோதித்து, மதிப்பெண்ணோடு பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தருவார்கள். அந்தச் சான்று இல்லாத 1943 செம்புக் காசை நம்பி வாங்குவோர் அரிது.

உற்பத்தி நின்றதால் என்ன மாறும்?

சாதாரணப் பென்னிக்கு ஏறக்குறைய எதுவும் மாறாது. அடித்தல்தான் நின்றது, காசு இன்னும் செல்லும். பல ஆயிரம் கோடி காசுகள் ஜாடிகளிலும் உண்டியல்களிலும் வங்கிகளிலும் இருக்கின்றன. இந்தியாவில் 25 காசு நாணயம் 2011 ஜூன் 30உடன் செல்லாததாகிவிட்டது. அதன் பிறகு நம் வீடுகளில் கிடக்கும் நாலணாக்கள் லட்சங்களாக மாறிவிடவில்லை.

விலை போனவை வேறு. கடைசி ஆண்டின் நினைவாக ஒமேகா (கிரேக்க நெடுங்கணக்கின் கடைசி எழுத்து) குறியிட்ட 232 தொகுப்புகளை மட்டும் தனியாக அடித்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தங்கப் பென்னி உட்பட மூன்று காசுகள். 2025 டிசம்பரில் நடந்த ஏலத்தில் அவை மொத்தமாக 1.6 கோடி டாலருக்கு மேல் பெற்றன. கடைசிப் பென்னி கோடிக்குப் போனது என்ற செய்தியின் பின்னணி இதுதான். அந்தக் காசுகள் யாருடைய சில்லறையிலும் வராது.

1982க்கு முந்தைய செம்புக் காசுகளில் ஒரு சிறு லாபம் உண்டு: அதிலுள்ள செம்பின் மதிப்பு ஒரு சென்ட்டைவிட அதிகம். ஆனால் அவற்றை உருக்குவதற்கு 2006 இறுதியிலேயே அமெரிக்க அரசு தடை விதித்துவிட்டது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை.

இந்த ஆசையைக் குறிவைக்கும் மோசடி

இதே மயக்கத்தை வைத்து இந்தியாவில் நடக்கும் ஏமாற்று வேலை தனி ரகம். பழைய காசின் படத்தை அனுப்பச் சொல்வார்கள். உடனே பெரிய தொகை பேசுவார்கள். ஒப்புக்கொண்டதும் பதிவுக் கட்டணம் என்று கொஞ்சம், வரி என்று கொஞ்சம், அரசு அனுமதிக்கு என்று கொஞ்சம் கேட்பார்கள். நம்பிக்கை வருவதற்காக ரிசர்வ் வங்கியின் முத்திரை இட்ட போலிக் கடிதமும் வரும். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் வங்கி ஈடுபடுவதில்லை, அதற்காக எந்தக் கட்டணமும் தரகும் கேட்பதில்லை, தன் சார்பில் வசூலிக்க வேறு யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை.

நாணய வணிகத்தில் பணம் வாங்குபவரிடமிருந்து விற்பவருக்குப் போகிறது. ஏல நிறுவனம் தரகு எடுத்தாலும் விற்பனை முடிந்த பிறகு அந்தத் தொகையிலேயே கழித்துக்கொள்ளும். சான்று நிறுவனம் கட்டணம் வாங்கும். ஆனால் அது காசை விலைக்குக் கேட்பதில்லை. காசை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்பவரே முன்பணமும் கேட்டால், காந்தத்தையும் தராசையும் எடுக்கவே வேண்டாம், தொலைபேசியை வைத்துவிடலாம்.